கேட்டுக்குக் கேட்டு நீலப் பை

வாகிராவுக்கு வயிறு எரிந்தது. நாலு நாளாக எரிகிறது. கொரோனா வந்து அடைத்துக் கிடந்த வீடுகள் சந்தில் மொத்தம் ஏழு. பொழுது விடிந்து பார்த்தால் ஏழு வீட்டுக் கேட்டிலும் நீலப் பை தொங்கியது. நீலப் பை என்றால் சுதர்தியின் தேங்காய்ப்பால் சோறு. வாகிராவின் பச்சைப் பை பேருக்கு ஒன்றுகூட இல்லை.

சோலோ நகரத்தில் அந்தச் சந்தின் முனையில் பத்தொன்பது வருஷமாகப் பெசெல் விற்கிறவள் அவள். வேகவைத்த கீரையும் முளைப்பயறும் வாழையிலையில் வைத்து, மேலே காரமான வேர்க்கடலைச் சட்னியை ஊற்றித் தருவாள். புருஷன் இறந்த மறுமாதம் போட்ட கடை. அதை வைத்தே ஒரே மகளைப் படிக்கவைத்து, தூரத்துப் பெகாசி நகரத்தில் கட்டியும் கொடுத்தாள். வாடிக்கை எல்லாம் பக்கத்து விடுதிகளில் தங்கிய கல்லூரிப் பிள்ளைகள். கல்லூரியை மூடியதும் பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அரைத்த சட்னியை அவளே தின்று தீர்க்க வேண்டியதாயிற்று.

"கடையை மூடிட்டு இங்க வந்துடும்மா. பிள்ளைங்களப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு" என்று மகள் தினம் போனில் பாடினாள். மருமகன் வீட்டில் ஒரு மூலையில் பாயை விரித்து, அவர்கள் போட்டதைத் தின்று காலம் தள்ளுவதா? அந்த நினைப்பே வாகிராவுக்குக் கசந்தது.

அந்த நேரத்தில்தான் சந்துத் தலைவர் பாக் தர்சோனோ ஒரு ஏற்பாடு செய்தார். அங்கே மரியாதைக்கு ஆண்களைப் 'பாக்' என்றும் பெண்களை 'இபு' என்றும் கூப்பிடுவார்கள். எல்லா வீட்டிலும் கொஞ்சம் வசூல் பண்ணி, அடைபட்ட வீடுகளுக்குச் சாப்பாடு. வெளியில் எங்கும் வாங்கக்கூடாது, நம் சந்துக் கடைகளில்தான். படுத்திருப்பவருக்கும் சோறு, கடைக்காரருக்கும் பிழைப்பு. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றது? அந்த நல்லதெல்லாம் ஒருத்தி மடியிலேயே போய் விழுந்தால்?

சுதர்தி கடை போட்டு முழுசாக மூன்று வருஷம் ஆகவில்லை. கைப்பக்குவம் சுமார்தான். சிரிப்புதான் முதல். வாட்ஸ்அப் குழுவில் தினம் அவள் சோற்றின் படம், கீழே வரிசையாகப் பாராட்டு. 'இபு சுதர்தி இல்லன்னா நம்ம சந்து என்னாகியிருக்கும்!' வாகிராவும் ஒரு கும்பிடு போட்டாள். போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

தெம்பே என்கிற சோயாக் கட்டி விற்க வந்த லஸ்திரி வேறு வாயைக் கிளறினாள். "என்னக்கா, இன்னிக்கும் ரெண்டே துண்டா? சுதர்தியக்கா கூடையோட இல்ல வாங்குது!"

"அவளுக்கென்னடி, தலைவரு இருக்காரு. தலைவர் வீட்டு அடுப்பு எரிஞ்சு எத்தனை நாளாச்சுன்னு போய்ப் பாரு. ஓசிச் சோறு ஓடுது."

சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. லஸ்திரியின் காதில் விழுந்தது அடுத்த சந்து வரை போகும்.

ஐந்தாம் நாள் காலை அவளால் பொறுக்க முடியவில்லை. பாக் தர்சோனோ முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கேட்டாகத் தெளித்துக்கொண்டு வந்தார். போய் வழிமறித்தாள்.

"பாக், என் பெசெல்ல என்ன விஷமா கலந்திருக்கு?"

மனுஷர் திகைத்துப் போனார். "என்ன இபு இப்படிக் கேக்கறீங்க? முதல்ல உங்களைத்தானே கேட்டேன்." கையுறையைக் கழற்றி, போனைத் தடவித் தேடி எடுத்து நீட்டினார்.

அவள் எழுதியதுதான். 'ஐயோ பாக், என் சமையலெல்லாம் ஒரு சமையலா? முடியாதவங்களுக்கு சுதர்தி கைச்சோறுதான் சரிப்படும். அவங்களையே கேளுங்க.'

வாகிராவுக்கு முகம் செத்துவிட்டது. இந்தச் சந்தில் எவள் முதல் தடவையே சரி என்பாள்? ஒரு டம்ளர் டீயைக்கூட மூன்று தடவை வற்புறுத்தினால்தான் வாங்குவார்கள். தலைவர் வாசலுக்கு வந்திருந்தால் மறுபடி கேட்டிருப்பார், இவள் மறுபடி மறுத்திருப்பாள், மூன்றாம் தரம் 'நீங்க இவ்வளவு சொல்றீங்களே' என்று ஒத்துக்கொண்டிருப்பாள். போனில் அவர் 'நன்றி இபு' என்று போட்டுவிட்டு, சுதர்தியைக் கேட்கப் போய்விட்டார். சுதர்தி ஒரே வார்த்தையில் 'சரி' என்றிருக்கிறாள். வெட்கங்கெட்டவள்!

"இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. பாதி வீடு உங்களுக்கு மாத்திரட்டுமா?"

"ஐயோ, வேணாம் பாக். நடக்கிறபடி நடக்கட்டும்." வாய் தானாகச் சொன்னது. ஐம்பத்து நாலு வருஷத்துப் பழக்கம்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். நான் என்ன பெருசா…"

அப்போது சுதர்தி வந்தாள். இரண்டு கையிலும் நீலப் பை, முழங்கை மடிப்பிலும் இரண்டு. மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. "காலங்காத்தால என்ன ரகசியம்? தள்ளி நின்னு பேசுங்கப்பா!"

அந்தக் கண்ணைப் பார்த்ததும் வாகிராவுக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"வேணும்!" என்றாள். "பாதி பத்தாது. நாலு வீடு வேணும். நாளைலேர்ந்தே."

சந்தில் இரண்டு ஜன்னல் திறந்தது. அவளுக்குக் காது சுட்டது. பிறந்ததிலிருந்து யாரிடமும் இப்படி வேணும் என்று கேட்டதில்லை.

சுதர்தி பைகளைத் திண்டில் இறக்கினாள். "அப்பாடா! தூக்கித் தூக்கிக் கையே கழண்டு போச்சுக்கா. நானே உங்களக் கேக்கணும்னு இருந்தேன். நாலென்ன, அஞ்சா எடுத்துக்கோங்க." அவள் நடிக்கவில்லை. அதுதான் வாகிராவுக்குத் தாங்கவில்லை.

"பாத்தீங்களா, எவ்வளவு பெரிய மனசு!" என்று சொல்லிக்கொண்டே பாக் தர்சோனோ போனில் தட்டினார்.

மத்தியானம் அவள் கடலை வறுத்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு பெரிய சட்டி அடுப்பேறியிருந்தது. பக்கத்தில் போன் விடாமல் கத்தியது. 'தன் வேலையை விட்டுக்கொடுத்த இபு சுதர்திக்கு நன்றி.' 'இந்தக் காலத்துல யாருக்கு இந்த மனசு வரும்?' மகளும் அந்தக் குழுவில் இருந்தாள், உடனே கூப்பிட்டாள்.

"அம்மா, சுதர்தியம்மா உனக்கு அஞ்சு வீட்டை விட்டுக் குடுத்தாங்களாமே! நல்லவங்கம்மா. நன்றி சொன்னியா?"

"சொல்றேன்" என்றாள் வாகிரா.

கடை பிழைத்துவிட்டது. ஆனால் அந்த வேலையை அவள் வாய்விட்டுக் கேட்டு வாங்கினாள் என்று ஒருத்தரும் எழுதவில்லை.