அலுமாரிக்குள் கையில்லாத பொம்மை

ரொம்மனில் நான்காம் மாடியில் குடியிருக்கும் தனுஷாவின் கைகள் சும்மா இருந்ததை இந்த ஒஸ்லோ நகரில் ஒரு குஞ்சு குருமான்கூடக் கண்டதில்லை. வெறும் பால் பெட்டி அவள் கையில் பட்டால் குருவிக்கூடு ஆகிவிடும். அதில் குடியேற வரும் குருவி, தன் பழைய வீட்டை விற்றுவிட்டுத்தான் வரும். கடதாசிச் சுருளின் மட்டைக் குழலில் அவள் செய்த தொலைநோக்கியால் பார்த்தால் யாழ்ப்பாணத்துக் கடற்கரை தெரியும். நித்திரையிலும் அவள் விரல்கள் பின்னிக்கொண்டே இருக்கும்; விடியும்போது தலையணைக்குக் கீழே ஒரு சோடி காலுறை கிடக்கும்.

சரி, காலுறை கூட்டிச் சொன்னது. தொலைநோக்கியில் தெரிந்ததும் கடற்கரையல்ல, எதிர்க் கட்டடத்தாரின் குசினி. குருவியின் காணி உறுதியை யாரும் கேட்கவேண்டாம். ஆனால் அந்தக் கைகள் சும்மா இருந்ததை ஒருவரும் கண்டதில்லை என்பதை மட்டும் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யலாம்.

கணவன் நிருஜன் பேருந்து ஓட்டுகிறவன். காலை வேலை, மாலை வேலை என்று மாறி மாறி வருவதால் வீட்டுக்கு அவன் பாதி விருந்தாளி. மகள் யதுர்ஷாவுக்கு ஐந்து வயது. கேள்வி கேட்பதில் வழக்கறிஞர். மகன் கிருஷிகனுக்கு மூன்று. எதையும் கடித்துப் பார்த்துவிட்டே முடிவுக்கு வருகிறவன். சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு ஒரு மூலைதான். மிச்சமெல்லாம் பசை, கம்பளி, முட்டை மட்டை, பழஞ்சேலைத் துண்டுகள். வாசலடியில் சுவரோடு சேர்ந்த அலுமாரி ஒன்று. பனிக்கால உடுப்புகளும் தையல் சாமான்களும் அதற்குள் அடைந்து கிடக்கும். தனுஷா அதற்குள் நூல் தேடப் போனால் வெளியே வர நேரம் பிடிக்கும். அவ்வளவு சாமான்.

கார்த்திகை மாதத்து ஈரப் பனியில் பாலர் பள்ளியிலிருந்து ஒரு வேலை வந்தது: சப்பாத்துப் பெட்டிக்குள் "என் வீடு". மற்றத் தாய்மாருக்கு அது ஒரு பின்னேர வேலை. தனுஷாவுக்கு அது தேர் கட்டுகிற வேலை. நெருப்புப்பெட்டிகளை ஒட்டி அடுப்பு, அலுமாரி, அலுமாரிக்குத் துணியால் பிணைச்சல் வைத்துத் திறந்து மூடும் இரட்டைக் கதவு, பஞ்சு மெத்தை, மெத்தைக்குப் பட்டுப் போர்வை. ஆட்களை மட்டும் யதுர்ஷா விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆக்களை நான் செய்யிறன். நீங்கள் பாக்கக்கூடாது."

"ஒரு கண்ணாலை பாக்கிறன்."

"ஒரு கண்ணாலையும் ஏலாது. அம்மாவுக்கு எல்லாத்திலையும் கை வைக்கோணும்!"

தனுஷாவுக்கு அது பொறுக்காத விடயம்தான். ஆனாலும் பார்க்காமலே பெட்டிக்கு மூடியைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அந்த ஒரே ஒரு கண்ணியம்தான் அவளைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

பிள்ளைகளைக் கூட்டிவரப் போன ஒரு பின்னேரம் யதுர்ஷாவின் ஆசிரியை ஹன்னா வழியில் மறித்தாள். ஹன்னா எப்போதும் சிரிக்கிறவள். அன்று சிரிக்கவில்லை.

"நாளைக் காலையில் கொஞ்சம் நிற்க முடியுமா, தனுஷா? யதுர்ஷாவின் வீட்டைப் பற்றி உங்களோடு பேசவேண்டும்."

"வீட்டைப் பற்றியா? ஏதும் உடைந்துவிட்டதா?"

"இல்லை, இல்லை. அதற்குள் ஒரு விடயம். அவசரமில்லாமல் பேசுவோம்."

அவசரமில்லை என்று ஒரு நோர்வேக்காரி சொன்னால் அதைவிட அவசரம் உலகத்தில் இல்லை. பிள்ளைகள் சப்பாத்து மாட்டும் சந்தடிக்குள் தனுஷா நடைபாதைச் சன்னலடிக்குப் போனாள். பெட்டி வீடுகள் வரிசையாக இருந்தன. குனிந்து பார்த்தாள். கதவடியில் நீலக் கம்பளியில் அப்பா, கையில் பை. மேசையடியில் நீளப் பின்னலோடு யதுர்ஷா. குசினியில் அம்மா, அவளுக்கு நெருப்புக்குச்சியில் ஆறு கைகள். ஒரு கையில் அகப்பை, இன்னொன்றில் கத்தரிக்கோல். தனுஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அலுமாரிக் கதவையும் விரல் நுனியால் நீக்கிப் பார்த்தாள்.

உள்ளே ஒரு சின்ன உருவம், விரல் கணு அளவுதான் இருக்கும். முகம் இருந்தது. கண் மூடியிருந்தது. கைகள் இல்லை.

கிருஷிகன் எங்கே? மேசையடியில் இல்லை, கதவடியில் இல்லை. அப்படியென்றால் இதுதான் கிருஷிகன்.

போன பனிக்காலத்தில் நடந்த ஒன்று அவளுக்கு நினைவு வந்தது. ஒளித்துப் பிடித்து விளையாடின கிருஷிகன் தானாகவே அலுமாரிக்குள் போய்ப் புகுந்துகொண்டான். கதவு இறுகிவிட்டது. அவள் குசினியிலிருந்து ஓடிவந்து இழுத்துத் திறப்பதற்குள் பிள்ளை அலறின அலறலில் கீழ்வீட்டுக்காரர் தடியால் முகட்டைத் தட்டினார்கள். யதுர்ஷா அதை மறக்கவில்லை. இப்போது அதை எல்லோரும் பார்க்கச் சன்னலில் வைத்திருக்கிறாள். தாய்க்கு ஆறு கை. பூட்டிய அலுமாரிக்குள் பிள்ளைக்கு ஒரு கைகூட இல்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

வீட்டுக்குப் படியேறும்போது எதிர்வீட்டு மேரியம்மா கதவைத் திறந்துகொண்டு நின்றாள். மேரியம்மா மன்னார்ப் பக்கம். அந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன கறி என்பதை மூக்காலேயே சொல்லக்கூடியவள். முகத்தைப் பார்த்து விடயத்தைச் சொல்வது அவளுக்கு அதைவிடச் சுகம்.

"என்ன பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி வாறாய்?"

பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டுத் தனுஷா தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். மேரியம்மா நெஞ்சில் சிலுவை போட்டாள்.

"லோறென்ஸ்கூக் ஊரிலையும் இப்பிடித்தான். ஒரு பிள்ளை வீட்டைக் கீறினதாம். ரெண்டு பேர் பையோடை வந்து கதவைத் தட்டினவையாம்."

"ஆர், சிறுவர் நலக்காரரோ? பிள்ளையளைப் பறிச்சுக்கொண்டு போறவையோ? ஐயோ அன்ரி! வந்து?"

"வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போட்டினம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். ஆனா வந்தவை எல்லோ!"

தனுஷா தன் வீட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள். "நான் யதுர்ஷாவையே கேக்கிறன், ஏன் அப்பிடிச் செய்தவள் எண்டு."

மேரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விசரே உனக்கு? பிள்ளையிட்டை ஒரு சொல் கேளாதை. நாளைக்கு ரீச்சர் அவளைக் கேப்பா, 'அம்மா உன்னோடை இதைப் பற்றிக் கதைச்சவாவோ' எண்டு. உன்ரை மோள் பொய் சொல்லாள். ஓம் எண்டுவாள். பிறகு நீ சொல்லிக்குடுத்தது எண்டுதான் எழுதுவினம்."

பயந்தவளுக்கு எல்லாம் நியாயமாகத்தான் படும். கேட்டால் ஒரு நிமிடத்தில் தெளிந்திருக்கக்கூடிய விடயத்தைத் தனுஷா வாயைத் தைத்துக்கொண்டு சுமந்தாள். சோறு குழைக்கும்போது மகளின் முகத்தைப் பார்த்தாள். தலை பின்னும்போது பார்த்தாள்.

"ஏன் அம்மா என்னைப் பாத்துக்கொண்டே இருக்கிறியள்?"

"பேன் இருக்கோ எண்டு பாக்கிறன்."

"பேன் முகத்திலையோ இருக்கும்?"

நிருஜன் ஓட்டத்தில் இருந்தான்; தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. பிடித்திருந்தாலும் அவன் "ரீச்சரைக் கேளன்" என்று சொல்லியிருப்பான். நியாயமான யோசனைகள் அந்தப் பின்னேரம் அவளுக்குத் தேவைப்படவில்லை. அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கைவேலை.

அலுமாரிக்குள் ஓர் உருவம் இருக்கிறதா? அப்படியானால் அலுமாரிக்குள் அலுமாரிக்குரியது இருக்கட்டும். பிள்ளைகள் சித்திரப்படம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மேசை மூலையில் முதுகு காட்டி உட்கார்ந்து கம்பளித் துண்டில் பனிக்கால உடுப்புகளை வெட்டினாள். நகமளவு சட்டை, அதற்குத் தொப்பி, கடுகளவு பொத்தான். வாழ்க்கையில் அவள் தைத்தவற்றில் அதைவிட நேர்த்தியானது கிடையாது. திருட்டு வேலைக்குத்தான் தையல் நேராக விழும்போல.

மறுநாள் காலையில் வழக்கத்துக்கு முன்பே பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போனாள். கிருஷிகனை அவனுடைய வகுப்பில் விட்டாள். யதுர்ஷா உள்ளே போய்ச் சப்பாத்தைக் கழற்றும் இடைவெளியில் சன்னலடியில் யாரும் இல்லை. உருவத்தை இரண்டு விரலால் எடுத்து யக்கெற் பைக்குள் போட்டாள். சின்ன உடுப்புகளை அடுக்கினாள். கதவைச் சாத்தினாள். நெஞ்சு அடித்த அடி அடுத்த நிலையத்தில் நின்ற ரயிலுக்கும் கேட்டிருக்கும்.

ஹன்னா தாயையும் மகளையும் சின்ன அறைக்குள் அழைத்தாள். கோப்பி ஊற்றினாள். கதிரைகள் பிள்ளைகளின் உயரத்துக்கானவை. முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு மரியாதையாகப் பயப்படக்கூட முடியாது. பெட்டி வீடு மேசையில் வந்து இருந்தது.

"யதுர்ஷா என்னிடம் சொன்னாள், இந்த அலுமாரியை யாரும் திறக்கக்கூடாது என்று," ஹன்னா மெதுவாகத் தொடங்கினாள். "பிள்ளைகள் அப்படிச் சொன்னால் நாங்கள் கேட்காமல் விடுவதில்லை. உங்களையும் வைத்துக்கொண்டு கேட்பதுதான் சரியென்று நினைத்தேன்."

"அலுமாரிக்குள் உடுப்புகள்தான்," என்றாள் தனுஷா, அளவுக்குமிஞ்சிய வேகத்தில்.

ஹன்னா கதவைத் திறந்தாள். சின்னத் தொப்பிகள் வரிசையாக இருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு தனுஷாவைப் பார்த்தாள். நேற்று இருந்தது இன்று இல்லை என்பது அந்தப் பார்வையில் எழுதியிருந்தது.

யதுர்ஷா எட்டிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"என்ரை ஆள் எங்கை? ஆர் எடுத்தது?" சுற்றிலும் பார்த்துவிட்டு நோர்வேஜிய மொழிக்கு மாறினாள். "கரோலினாதான் எடுத்திருப்பாள்! அவள்தான் நேற்று முழுக்க என் வீட்டைத் தொட்டுக்கொண்டு நின்றவள்!" சொல்லிக்கொண்டே அழத் தொடங்கினாள்.

ஹன்னா கதவுப் பக்கம் திரும்பினாள். "கரோலினாவைக் கூப்பிட்டுக் கேட்போமா?"

தனுஷாவின் விரல்கள் பைக்குள் அந்தக் கம்பளித் துண்டை நசுக்கின. பேசாமல் இருந்தால் போதும். உருவம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு குப்பைத்தொட்டிக்குள் விழுந்துவிடும். கேள்வியும் அதோடு போய்விடும். கரோலினாவுக்கு ஐந்து வயதாகிறது, முன்பல் இல்லாத பிள்ளை, எதையும் எடுக்காதவள்.

"கூப்பிட வேண்டாம்," என்றாள். கை மேசைக்கு வந்து விரிந்தது. கண் மூடிய சின்ன உருவம் உள்ளங்கையில் கிடந்தது. "நான்தான் எடுத்தனான்."

ஹன்னாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அது விளங்கியது.

"ஏன், தனுஷா?"

"பயந்துவிட்டேன்."

"எதற்கு?"

தனுஷா உருவத்தை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். கண் நிறைந்து வந்தது. அந்த அறையில் அவசரமில்லாதவள் யதுர்ஷா ஒருத்திதான். அழுகையை மூக்கால் இழுத்து முடித்தாள். உருவத்தை எடுத்தாள், ஊதினாள், சின்ன உடுப்புகளைக் கொஞ்சம் தள்ளி அவற்றின் நடுவில் இருத்தினாள்.

"உடுப்பு நல்லாயிருக்கு. சாஞ்சிருக்கலாம்," என்றாள்.

"யதுர்ஷா, அது யார்?" ஹன்னாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "தம்பியா?"

பிள்ளை ஆசிரியையை இரக்கத்தோடு பார்த்தாள். பெட்டிக்குள் விரலை விட்டுப் பட்டுப் போர்வையை உயர்த்தினாள். பஞ்சு மெத்தைக்குள், கட்டைவிரலை வாயில் வைத்தபடி, சிவப்புக் கம்பளியில் ஒரு கிருஷிகன்.

"தம்பி நித்திரை. அது மம்மா."

"மம்மா குசினியில் நிற்கிறாரே? ஆறு கையோடு?"

"அதுவும் மம்மாதான். இது உள்ளே போன மம்மா. கதவு பூட்டவேண்டும், அதனால் சின்னதாகச் செய்தேன்."

"ஏன் கைகள் இல்லை?"

"உள்ளே போனால் அவாவுக்குக் கை தேவையில்லை."

ஹன்னா கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். முகத்தில் இருந்த உத்தியோகம் மெல்லக் கழன்று, வேறொன்று வந்தது. "யாரும் திறக்கக்கூடாது என்றாயே, அது ஏன்?"

"திறந்தால் வெளியே வந்துவிடுவா. கொஞ்சம் விட்டால் தானாக வருவா, சிரித்துக்கொண்டு."

தனுஷாவுக்கு ஒரு மலை இறங்கியது. மலை இறங்கின இடத்தில் உடனேயே மானம் ஏறி உட்கார்ந்தது. ரொம்மன் முழுவதும் பேர்போன கைகளின் சொந்தக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அந்தக் குட்டிக் கதிரையில் இயன்ற அளவு உயர்ந்தாள்.

"அது எங்கள் தையல் அலுமாரி, ஹன்னா. நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோருக்கும் பரிசு தைக்கவேண்டுமே. பிள்ளைகள் காணாமல் உள்ளே இருந்து தைப்பேன். என் கைகள் ஒருநாளும் சும்மா இருப்பதில்லை."

யதுர்ஷா அலுமாரிக் கதவைப் பொத்தெனச் சாத்தினாள். ஹன்னாவுக்குப் பிழையான செய்தி போய்விடக்கூடாது என்று முதலில் நோர்வேஜிய மொழியிலும், அம்மா மறந்துவிடக்கூடாது என்று பிறகு தமிழிலும் சொன்னாள்:

"பொய். அம்மா உள்ளை தைக்கிறேல்லை. லைற்றும் போடுறேல்லை. தம்பியின்ரை பனி உடுப்பிலை சாஞ்சுகொண்டு சும்மா இருக்கிறவா. நானும் தம்பியும் கதவு இடுக்காலை கண்டனாங்கள்."