தாங்குமரத்தில் நாலு ஓட்டை

நினைத்தாலே குமட்டுகிறது. நான்கு வருடம் வரைந்து, இழைத்து, ஒட்டிய கிளைடரை நான்கே போல்ட்டில் முடித்துவிட்டார்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விமானப் பாடம் நடத்துகிறேன். எஞ்சின் இல்லாத மர விமானம் அந்தக் கிளைடர். முன்னால் கற்பவர், பின்னால் கற்றுத்தருபவர். பின் இருக்கை காலியானாலும் சமநிலை கெடக்கூடாது என்பதற்காக மட்டும் ஏழு முறை படத்தை மாற்றினேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் செய்தோம். இறக்கையைக் கவிழ்த்துப்போட்டுக் கோழித்தீவன மூட்டைகளை அடுக்கிச் சோதித்தபோது ஒரு முனகல்கூட இல்லை. "லாரியே தோத்துப்போகுமுங்க சார்," என்றார் மேஸ்திரி.

பறக்கவிடுவதற்கு முந்தின நாள் பட்டறைக்குப் போனால், இறக்கைகளுக்கு நடுவே பித்தளைப் பலகை பளபளக்கிறது. கல்லூரித் தாளாளரின் பெயர், பட்டம், கும்பிட்ட கையோடு படம். மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, இதை எதுல மாட்டுனீங்க?"

"ஓனர் பேரு இல்லாம எந்த வண்டியும் பட்டறையை உட்டுப் போகாதுங்களே. தாளாளரும் சொல்லியுட்டாருங்க. ஆணி அடிச்சா ஆடுமுங்க. அதான் உள்ள இருக்கற கெட்டி மரத்துலயே நாலு போல்ட்டு போட்டு முறுக்கிட்டனுங்க." முகத்தில் அவ்வளவு பெருமை.

அந்தக் கெட்டி மரம்தான் ஐயா இரண்டு இறக்கைகளையும் தாங்குவது! அதைத் துளைத்தால் பறக்கும்போது இறக்கை ஆளோடு மடங்கும். சொன்னதும் மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்காவது உறைத்தது.

தாளாளருக்குப் போன் போட்டேன். "அட, நாலு ஓட்டைதானுங்களே. மரத்தூளும் பசையும் வெச்சு அடைச்சுருங்க."

"ஆள் செத்துருவாங்க சார்."

"அப்பப் பறக்க வேண்டாம், உடுங்க. அட்மிசன் நேரம், வாசல்ல நிப்பாட்டிக்கலாம். பாக்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். மனுஷனா அவர்!

இரண்டு வருடமாக வாசலில் நிற்கிறது. இறக்கை முழுக்கக் காக்கை எச்சம். பித்தளையை மட்டும் தவறாமல் துலக்குகிறார்கள். சேர்க்கை நாட்களில் என்னையும் அதன் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். போன வருடம் மகளோடு வந்த ஒருவர் கேட்டார்: "ஏனுங்க சார், இது பறக்குமுங்களா?"

தாளாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பறக்குமுங்க," என்றேன். தூ! நானும் ஒரு மனுஷன்.

அந்தப் பெண் இப்போது என் வகுப்பில், முதல் பெஞ்சில். எப்போது பறக்கவிடுவீர்கள் என்று வாரம் ஒருமுறை கேட்கிறாள்.