கையில் இரண்டு அழுத்து

அப்பா டைப்ரைட்டரில் அடிக்கும்போது எங்கள் சாப்பாட்டு மேஜை முழுவதும் அதிரும். அந்த அதிர்வின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்தபடி என் தங்கை லூர்து கிடப்பாள். எனக்கோ அந்தச் சத்தம் கேட்டாலே தலைவலி வந்துவிடும். லூர்துக்குக் காது கேட்காது. எங்கள் வீட்டில் அந்த டைப்ரைட்டரால் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான்.

அப்பா காரைக்காலில் பிறந்து, சைகோனில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆட்சி மாறி, ஊரின் பெயரும் மாறி, கம்பெனியும் மூடப்பட்டபின் அவரிடம் மிஞ்சியது அந்த டைப்ரைட்டரும், மனு எழுதத் தெரிந்த கையும்தான். செட்டியார்கள் கட்டிய கோயிலைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்களும், எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களும் ஒவ்வொன்றாக டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த காலம் அது. போகிறவர்களுக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்தவர் அப்பா. நாட்டைவிட்டுப் போக அனுமதி கேட்கும் எங்களுடைய காகிதக் கட்டை வீட்டில் பிரெஞ்சில் "தொசியே" என்போம். அது அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. துணிகளைக் கட்டி வைத்த தகரப்பெட்டி வாசற்கதவுக்குப் பின்னால் தயாராக நின்றது. எதைக் கேட்டாலும் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "அடுத்த மாசம் போயிடுவோம்." கிழிந்த கொசுவலையை மாற்ற வேண்டாம், அடுத்த மாசம் போயிடுவோம். ஒழுகும் கூரைக்கு ஓடு வேண்டாம், அடுத்த மாசம் போயிடுவோம். மழை மட்டும் எங்கள் தொசியே நகரட்டும் என்று காத்திருக்கவில்லை.

இரண்டு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு லூர்து எதற்கும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருப்பிள்ளைகள் அவளை "டியெக்" என்பார்கள். செவிடு என்று அர்த்தம். இப்போதெல்லாம் அப்படிச் சொல்லக் கூடாது என்கிறார்கள், சரிதான். அன்று எங்களுக்கு வேறு வார்த்தை தெரியாது. அவளுக்கு ஆறு வயதாகி, எனக்கு ஒன்பது நடந்துகொண்டிருந்தபோது, ரேஷன் வரிசையில் நின்ற ஒரு வியட்நாமியப் பெண், செட்டியார் கோயில் வளாகத்தின் பின்கட்டில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். சொன்னாள் என்பதைவிட, கையால் காதைத் தொட்டு நடித்துக் காட்டினாள் என்பதே சரி. அம்மாவின் வியட்நாமியம் கீரை வாங்கும் அளவுக்குத்தான் இருந்தது. எனக்குத் தெருவில் விளையாடிக் கற்றது நிறைய இருந்ததால், அந்த வீட்டின் வாயாக நான் இருந்தேன்.

போய்ப் பார்த்தோம். ஒரு நீள அறை, சுவரோரம் பெஞ்சுகள், எட்டுப் பத்துப் பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் அதன் தாய். "அம்மாக்களும் படித்தால்தான் பிள்ளை படிக்கும்" என்று அங்கே டீச்சராக இருந்த கோ ஹான் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். "கோ" என்றால் அங்கே டீச்சரம்மா. அவர் லூர்துவைக் கண்ணாடிமுன் உட்கார வைத்து, தன் உதட்டுக்கு எதிரே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்து, "பூ" என்றார். காகிதம் ஆடியது. லூர்துவின் கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார். மேஜை அதிர்வைக் கன்னத்தில் வாங்கியவள் அல்லவா, அவள் முகம் சட்டென்று மலர்ந்ததை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள், பார்த்துவிட்டு அழுதாள். திங்கட்கிழமை வாருங்கள், பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன், ஒரு பிரதி வார்டு ஆபீசுக்குப் போகும், அவ்வளவுதான் என்றார் கோ ஹான்.

அந்த ஒரு பிரதிதான் எங்கள் குடும்பத்தைப் பிடித்த சனி.

"பேரைப் பதியவா? வேற வினையே வேண்டாம்!" என்று அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தொசியேயில் எங்கள் இருவரையும் பற்றி அவர், "இரண்டு பெண் குழந்தைகள், நல்ல ஆரோக்கியம்" என்று அடித்திருந்தார். ஊனமுள்ள பிள்ளை இருந்தால் எந்த நாடும் உள்ளே விடாது, குடும்பத்தையே நிறுத்தி வைத்துவிடுவார்கள் என்று பூசை முடிந்து வெளியே நிற்கும்போது யாரோ சொன்னார்களாம். யார் சொன்னது என்று கடைசிவரை தெரியவில்லை.

"அங்க செவிட்டுப் புள்ளைங்க லிஸ்டுல பேரு, இங்க தொசியேல நல்ல ஆரோக்கியம்னு எழுத்து. ரெண்டையும் ஒருத்தன் பக்கத்துல வச்சுப் பாத்தா நம்ம கதை முடிஞ்சுது. போற எடத்துல பெரிய பள்ளிக்கூடமே இருக்கும், சேத்துக்கலாம்" என்றார்.

"அதுக்கு நாம போகணுமேங்க" என்றாள் அம்மா.

"அடுத்த மாசம்."

அந்த அடுத்த மாசம் ஐந்து வருஷம் நீடித்தது. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். லூர்துவைத் தோளைவிட்டு இறக்காத மனிதர். பிறருடைய மனுக்களில் ஒரு எழுத்து பிசகியதற்காகக் குடும்பங்கள் திரும்பி வந்ததைப் பார்த்துப் பார்த்து, காகிதத்துக்குப் பயப்படப் பழகிவிட்டவர். ஆனாலும் இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்கு அந்தக் கோபம் போகவில்லை. போகட்டும் என்று விடவும் முடியவில்லை.

அம்மா தன் பங்குக்கு, அந்த ஒரு காலை நேரத்தில் பார்த்ததை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினாள். போபோ என்ற முரட்டுத் தானியம் அடுப்பில் வேகும் நேரமெல்லாம் முகக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, அப்பாவின் மெல்லிய டைப் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து, "பூ, பூ" என்று ஊதிக்கொண்டே இருப்பாள். பூவுக்குப் பிறகு என்ன சொல்லித்தர வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே இடம் பத்து நிமிட நடையில் இருந்தது, போகத்தான் கூடாது. வேறு எங்கே போய்க் கேட்பது, யாரிடம் கேட்பது என்று சொல்லவும் ஆளில்லை.

எனக்கு அப்பா கொடுத்த வேலை வேறு. என்றைக்காவது விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அதிகாரி பெயர் சொல்லி அழைப்பார், லூர்து திரும்ப வேண்டும். அதற்கு ஒத்திகை. நான் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு முறை சட்டென்று அழுத்தினால் நிமிர்ந்து எதிரே இருப்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஒரு முறை நீளமாக அழுத்தினால் தலையாட்ட வேண்டும். அப்பா அதிகாரியைப் போல மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து "லூர்து!" என்பார். நான் அழுத்துவேன். அவள் நிமிர்ந்து சிரிப்பாள். "சபாஷ்!" என்பார் அப்பா. அந்தச் சபாஷ் அவளுக்கு எங்கே கேட்டது!

தினமும் சாயங்காலம், பிள்ளைகள் தெருவில் கயிறு தாண்டும் நேரத்தில், இதே கூத்து. அவளை விட்டு எங்கும் போகக் கூடாது. எந்த நேரம் வார்டு ஆபீஸ் ஆள் வருவான் என்று தெரியாதாம். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று என் வயது ஏறியதே தவிர, என் கை அவள் கையை விட்டு இறங்கவில்லை. அலுத்துப் போனேன். சில நாள் வேண்டுமென்றே வலிக்க அழுத்தியிருக்கிறேன். அப்போதும் அவள் நிமிர்ந்து, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் கூப்பிட்டார்கள். லூர்துக்குப் பதினொரு வயது. அம்மா அவளுக்கு இறுக்கமாகப் பின்னல் போட்டாள். அப்பா கம்பெனிக் காலத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டார், அந்த வெயிலில். அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட, களைத்த மனிதர். அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர் என்று வரிசையாகப் போய், முதல் முறை "லூர்து" என்றார். நான் அழுத்தினேன். அவள் நிமிர்ந்து அழகாகச் சிரித்தாள். அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மனிதர் என்னைப் பார்த்து, "நீ பெரியவளா? இங்கே வந்து இந்தத் தாளில் எல்லோர் பெயரையும் எழுது" என்றார். போகத்தானே வேண்டும்? கையை விட்டேன். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் ஒரு மிட்டாயை எடுத்து நீட்டி, "லூர்து, வா" என்றார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது முறை உரக்கவே கூப்பிட்டார்.

"கூச்சப்படுவா, கூச்சம்னு சொல்லு பிலோ" என்றார் அப்பா. என் பெயர் பிலோமின்.

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்த அம்மா, கையை எடுத்தாள். "போதும்ங்க. சொல்லிடு பிலோ. உள்ளதைச் சொல்லிடு."

சொன்னேன். அதிகாரி தொசியேவைப் புரட்டினார். "பிறகு ஏன் நல்ல ஆரோக்கியம் என்று எழுதினீர்கள்?" என்றார். சொன்னால் அனுப்ப மாட்டீர்கள் என்று அப்பா பயந்தார் என்றேன். அவர் எங்கள் நான்கு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, மனுவின் இரண்டாம் பக்கத்தை என் பக்கம் திருப்பி ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். உடற்குறை இருந்தால் எழுதவும் என்று அதில் அச்சடித்திருந்தது. அப்பா அதில் ஒரு சிறு கோடு அடித்திருந்தார். "இதில் எழுதியிருந்தால் போதும். காது கேட்காததற்காக யாரையும் நிறுத்துவதில்லை. இப்போது தகவல் தவறு என்றாகிவிட்டது, முதலிலிருந்து எழுதிக் கொடுங்கள்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "எந்த வகுப்பில் படிக்கிறாள்?" என்று கேட்டார்.

அதை நான் தமிழில் சொன்னேன். அப்பா, தான் அடித்த அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே "எதிலும் இல்லை" என்றேன்.

வெளியே வந்து புளியமரத்தடியில் அப்பா கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "ஒரு கட்டம் இருந்துச்சு பாத்தியா" என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார். அம்மா அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்குக் காலையில அவளைக் கூட்டிட்டுப் போங்க. நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

போனார். வாயாக நானும் போனேன். கோ ஹானுக்குத் தலை நரைத்திருந்தது. பழைய வழக்கப்படி காகிதத் துண்டை லூர்துவின் உதட்டுக்கு எதிரே பிடித்தார். லூர்து கண்ணாடியைப் பார்த்து, தெளிவாக, "பூ" என்றாள். டீச்சர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். அம்மா என்றேன். "ஒரே ஒரு நாள்தானே வந்தார்கள்" என்றவர், பதிவேட்டைத் திறந்துகொண்டே அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆறு வயதில் வந்திருக்க வேண்டும். இனிப் பேச்சு வருவது கஷ்டம். கையால் பேசக் கற்றுக்கொள்வாள்." மொழிபெயர்க்கும்போது முதல் வாக்கியத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விடவில்லை.

கற்றுக்கொண்டாள். வெறியோடு கற்றுக்கொண்டாள். அம்மா தாய்மார் பெஞ்சில் போய் உட்கார்ந்து, அவர்களோடு கையாலேயே சிரித்துப் பேசிப் பழகினாள். எந்த டாக்டர் நல்லவர், எந்தத் தையற்கடை இந்தப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும் என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் தெரிந்தது. மூன்று வருஷம் கழித்து, எல்லாக் கட்டமும் சரியாக நிரப்பிய எங்கள் தொசியேவுக்கு அனுமதி வந்தது. அப்பா அதை இரண்டு தரம் படித்தார். லூர்து வாசலில் தன் தோழிகள் இருவரோடு விரல் பறக்கப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் காகிதத்தை மடித்து மாதா சுரூபத்தடியில் வைத்து, "அடுத்த மாசம் போவோம்" என்றார். தகரப்பெட்டியில் கட்டி வைத்த துணிகளை அம்மா அன்றைக்கே எடுத்து வெயிலில் போட்டாள். அனுமதியின் நாள் கடந்தது. நாங்கள் போகவில்லை.

அப்பா, அம்மா இருவரும் இந்த ஊர் மண்ணிலேயே அடங்கிவிட்டார்கள். அந்த நீள அறை இருந்த இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம். இன்று ஒரு தாய் கைப்பேசியில் கேட்டால் பத்துப் பேர் வழி சொல்கிறார்கள். நல்லது, நன்றாக இருக்கட்டும். லூர்து தையற்கடையில் வேலை பார்த்து ஓய்ந்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனவே இந்த வீட்டில் தமிழ் பேச எனக்கு எதிரே ஆளில்லை. போதாக்குறைக்கு இரண்டு வருஷமாக எனக்குக் காது மந்தம்.

சென்ற வாரம் ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனைக்குக் காத்திருந்தோம். நர்ஸ் கதவருகே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வாய் அசைவது தெரிகிறது, கூட்டத்து இரைச்சலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. லூர்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் இடது கையைப் பிடித்து, இரண்டு முறை சட்டென்று அழுத்தினாள், வலிக்காமல். நான் நிமிர்ந்து, எதிரே இருந்தவளைப் பார்த்துச் சிரித்தேன்.