செய்மதி அலுவலகத்தில் என் தும்புத்தடி

அடுத்தவரின் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்துச் சீவிக்கிற என் இனத்தவர்களே, உங்களுக்கே தெரியும்: முதலாளி ஒருவரென்றால் ஏச்சு ஒன்று, இருவரென்றால் ஏச்சு இரண்டு, பொறுப்பு மட்டும் ஒருவருக்கும் இல்லை.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், சீசா என்கிற பகுதியில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நானும் முல்லைத்தீவு மலரும் துப்புரவு வேலை செய்தோம். இடப்பக்கம் அரசாங்க அலுவலகம், வலப்பக்கம் தனியார் கம்பனி. காட்டுத்தீயைக் கண்டுபிடிக்கவென்று இரண்டும் சேர்ந்து ஒரு சின்னச் செய்மதியை விண்வெளிக்கு அனுப்பியிருந்தன.

நடைவழித் தூசி

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு நீள நடைவழி. ஒப்பந்தத்தில் அதை எழுத மறந்துபோனார்களாம். அரசாங்கப் பக்கத்துப் பெரியவரை, படித்தவர் என்ற மரியாதைக்கு எல்லோரும் ‘தொத்தோரே’ என்பார்கள். அவர் முதல்நாளே என்னைக் கூப்பிட்டு, அதைக் கூட்டவேண்டாம், கூட்டினால் எங்களுடையது என்று ஆகிவிடும் என்றார். கம்பனிப் பொறுப்பாளரான இஞ்சினியர் அம்மாவும் அப்படியே சொன்னார்.

சிரொக்கோக் காற்று ஆபிரிக்க மணலை அள்ளிவந்து கொட்டிய கிழமை, நடைவழியில் கால் அடையாளம் விழத் தொடங்கியது. பொறுக்கமுடியாமல் தும்புத்தடியை எடுத்தேன். தொத்தோரே ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

“சின்யோரா, செய்மதி எங்கள் ரெண்டு பேருக்கும் பொது. தூசி அவையின்ரை.”

முதற்படம்

செய்மதி அனுப்பிய முதற்படம் முழுக்க வெள்ளையாக இருந்தது. அரசாங்கப் பக்கம் கமராவில் பிழை என்றது. கம்பனிப் பக்கம் வானிலையில் பிழை என்றது. கடைசியில் மேகம் என்று முடிவானதும் கைதட்டி கேக் வெட்டினார்கள். மேசையைத் துடைத்துக்கொண்டே, மேகத்துக்கு ஏன் கேக் என்று தொழில்நுட்பக்காரரிடம் கேட்டேன்.

“ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் இதுதான், சின்யோரா.”

புறா

செய்மதியின் சத்தத்தைப் பிடிக்கக் கூரையில் இருந்த பெரிய அன்ரனா அரசாங்கத்துடையது. கூரையோ கம்பனி வாடகைக்கு எடுத்தது. ஒருநாள் அன்ரனா திரும்ப மறுத்தது, செய்மதியின் சத்தமும் நின்றது. பார்த்தால், அதைத் திருப்புகிற பல்லுச் சில்லுக்குள் ஒரு புறா கூடு கட்டி முட்டையும் இட்டிருக்கிறது. அந்தக் கூட்டை எடுப்பது அன்ரனாப் பராமரிப்பா, கூரைப் பராமரிப்பா என்று இரண்டு கூட்டம் வைத்தார்கள். மூன்றாவது கூட்டத்தில் அது ‘துப்புரவு’ என்று முடிவானது. எங்களை ஏணியில் ஏற்றினார்கள்.

மலர் முட்டை உடையாமல் கூட்டைத் தூக்கி, ஒரு பிஸ்கற் பேணியில் வைத்து, தண்ணீர்த் தாங்கியின் நிழலில் இருத்தினாள். அன்ரனா ஒருதரம் முனகிவிட்டுத் திரும்பியது. கீழே கைதட்டல் கேட்டது. மலர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினாள்.

“அக்கா, வன்னியிலை வானத்திலை சத்தம் கேட்டா பங்கருக்கை குதிக்கிறனாங்கள். இஞ்சை வானத்திலை சத்தம் கேக்கேல்லை எண்டு எங்களைக் கூரையிலை ஏத்தியிருக்கினம்.”

கடிதம்

என் பெர்மெஸ்ஸோ, அதாவது இத்தாலியில் தங்குகிற அனுமதி, முடியப்போகிறது. புதுப்பிக்க வேலைக் கடிதம் வேண்டும். தொத்தோரேயோ என்னைக் கம்பனியின் ஆள் என்றார். இஞ்சினியர் அம்மாவோ நான் அரசாங்க ஒப்பந்தத்தில் வந்தவள் என்றார். மூன்று கிழமை இடமும் வலமுமாக நடந்தேன். கடிதம் இல்லையென்றால் பெட்டி கட்டவேண்டியதுதான்.

ரோமிலிருந்து பெரியாட்கள் வருகிற காலையில் நானும் மலரும் வேலையைத் தொடாமல் படிக்கட்டில் இருந்துவிட்டோம். தொத்தோரே பதறிக்கொண்டு வந்தார். “நான் ஆரின்ரை ஆள் எண்டு தெரிஞ்சால்தானே எந்தப் பக்கம் கூட்டுறது எண்டு தெரியும்” என்றேன். பத்து மணிக்கு, ரோம்காரர் உள்ளே இருக்க, கழிவறையில் துடைக்கிற தாள் முடிந்தது, மாற்ற ஆளில்லை. பத்தரைக்குக் கடிதம் வந்தது, இரண்டு முத்திரை, இரண்டு கையெழுத்தோடு.

குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமை அலுவலகத்தில் ஒரு பொலிஸ்காரர் அதை இரண்டுதரம் வாசித்தார். பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்து, அனுமதியைப் புதுப்பிக்கிற முத்திரையைக் குத்தினார்.

“விண்வெளித் திட்டமோ? அப்ப நீங்கள் எப்ப மேலை போறியள், சின்யோரா?”

அரசும் தனியாரும் கைகோத்தால் வானம்வரைக்கும் போகலாம், ஆனால் இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்து வைக்கக் கழிவறையில் தாள் முடியவேண்டும்.