முடிவு யாருக்கும் தெரியாத ஆட்டம்

எபர் லரோசா முப்பது வருடம் வானொலியில் கால்பந்து வர்ணனை செய்தவர். பெரிய அணிகள் அல்ல, இரண்டாம் டிவிஷன். பார்வையாளர்களைவிட நாய்கள் அதிகமாக வரும் ஆட்டங்கள். ஆனால் அவர் கோல் என்று ஆரம்பித்தால் உருகுவே தலைநகர் மான்டிவீடியோவில் ஞாயிறு மதியம் ஒருவரும் கண்ணயர முடியாது. அந்த ஒரு சொல்லை அவர் இழுத்து முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடும் என்பார்கள். வானொலி நிலையம் விளையாட்டுப் பிரிவை மூடியதும் அந்தத் தொண்டைக்கு வேலை இல்லாமல் போனது.

அப்படிப்பட்டவரை ஆட்களைத் தூங்கவைக்கக் கூப்பிட்டார்கள் என்பதுதான் இந்தக் கதை.

நான் ஒரு பஸ் டெப்போவில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்பும் மேசையில் இருக்கிறேன். எங்கள் டிரைவர்கள் இருட்டோடு எழுந்து வருகிறவர்கள். தூக்கம் கெட்டவன் எல்லா விளக்கையும் சிவப்பாகவே பார்ப்பான். பயணிகளிடம் சண்டை, வீட்டில் சண்டை, மேசையில் என்னிடமும் சண்டை. இதற்கு மருந்தாக மேனேஜர் பகானி ஒரு தியானச் செயலியை வாங்கினார். போனில் குரல் கேட்க வேண்டும், கையில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். பட்டை நாடித் துடிப்பையும் தூக்கத்தையும் கணக்கெடுக்கும். செயலியை உருவாக்கியவள் ரோமினா என்ற இளம்பெண். துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டு அறைகளில் அவள் கம்பெனி.

முதலில் வந்த குரல் ஒரு பெண்ணுடையது. பின்னால் அருவி கொட்டும். எண்ணங்களை மேகங்களாகப் பார்க்கச் சொல்லும்.

"அருவிச் சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வரல, ஒண்ணுக்குத்தான் வருது" என்றான் டிரைவர் குண்டு ஒலிவெரா. பட்டையை அவன் தன் நாய்க்குக் கட்டிவிட்டான். அந்த வாரம் டெப்போவிலேயே நன்றாகத் தூங்கியவர் என்ற பாராட்டு நாய்க்குக் கிடைத்தது.

பகானிக்கு விஷயம் தெரிந்தது. குளிர்காலம் முடிவதற்குள் பாதிப் பேராவது ஒழுங்காகப் பயன்படுத்தாவிட்டால் ஒப்பந்தம் கிடையாது என்று ரோமினாவிடம் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பழக்கமான ஒரு குரலைத் தேடித்தான் அவள் எபரிடம் போனாள்.

டெப்போவின் ஓய்வறையில் முதல் சோதனை நடந்தது. பெஞ்சுகளில் டிரைவர்கள் படுத்திருந்தார்கள். எபர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ரோமினா கொடுத்த கடற்கரை வர்ணனையை வாசித்தார். மணல் நன்றாகவே போனது. அலை வந்ததும் கெட்டது.

"ஓர் அலை எழுகிறது. மெல்ல நகர்கிறது. நெருங்குகிறது, இன்னும் நெருங்குகிறது, கரை திறந்து கிடக்கிறது, தடுக்க ஒருவருமில்லை..."

ஒலிவெரா எழுந்து நின்றுவிட்டான். படுத்திருந்த எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரோமினாவின் திரையில் அத்தனை பேர் நாடியும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"எபர், அது அலை. கோல் போடாது" என்றாள் அவள்.

"தெரியுதும்மா. ஆனா அது வந்துக்கிட்டே இருக்கே, நான் என்ன பண்ணட்டும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ரோமினா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, வேறு யாரையாவது பார்ப்பதாகச் சொன்னாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டார்.

அப்போது நிடியா பேசினாள். கடலோர வழித்தடத்தில் பஸ் ஓட்டுகிறவள், எதையும் தாமதமாகச் சொல்கிறவள். "வாத்யாரே, மோலினோ ஆட்டம் ஒண்ணு சொல்லுங்களேன். அந்த டீம் ஆடினா நான் ரேடியோ முன்னாலயே தூங்கிடுவேன். ஆட்டம் முடிஞ்சதும் நீங்க கத்திதான் எழுப்பி விடுவீங்க."

எபர் திரும்பினார். "கோலே விழாத ஆட்டமா?"

"அதைத்தானே அவங்க எப்பவும் ஆடுவாங்க."

"அந்த மாதிரி நான் எத்தனை பாத்திருக்கேன்" என்று சொல்லி மறுபடியும் உட்கார்ந்தார். அந்த முகத்தில் ஏதோ எரியத் தொடங்கியதை நான் பார்த்தேன். நிபந்தனை ஒன்றுதான். ரோமினா கண்டிப்பாகச் சொன்னாள்: குரல் எந்த இடத்திலும் உயரக் கூடாது.

பதிவு வந்தது. மோலினோவுக்கும் புவென்தேவுக்கும் எபரின் கற்பனையில் நடக்கும் ஆட்டம். மழை பெய்து ஓய்ந்த மைதானம். பந்து பின்களத்தில் இடமிருந்து வலம் போகிறது, வலமிருந்து இடம் வருகிறது. ஒரு நாய் உள்ளே நுழைகிறது. அதை யாரும் விரட்டுவதில்லை. நடுவர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொள்கிறார். பெஞ்சில் யாரோ மாத்தே என்கிற மூலிகைத் தேநீரை உறிஞ்சுகிறார்கள். இதற்கெல்லாம் எபர் கொடுத்த கவனத்தைத்தான் நான் வியந்தேன். சலிப்பூட்டுவது வேறு, பொறுமையாகச் சொல்வது வேறு. தூக்கம் என்பது இனி நம்மைத் தேடி எதுவும் வரப்போவதில்லை என்கிற நம்பிக்கை. அருவியால் அதைத் தர முடியவில்லை. மோலினோவின் பின்களம் தந்தது.

டெப்போ தூங்க ஆரம்பித்தது. நாயிடமிருந்த பட்டை ஒலிவெராவின் கைக்குத் திரும்பியது. என் மேசைக்கு முன் சண்டை குறைந்தது; ஒருவன் எனக்குக் காலை வணக்கம்கூடச் சொன்னான். ரோமினாவின் கணக்கில் பாதிப் பேரைத் தாண்டி எங்கோ போயிருந்தது. அவள் எபருக்கு மாதச் சம்பளம் போட்டுக் கொடுத்தாள்.

பிறகுதான் கேண்டீனில் அந்தக் கேள்வி எழுந்தது. ஆட்டம் எப்படி முடிகிறது?

யாருக்கும் தெரியவில்லை. ஒருவரும் இடைவேளையைத் தாண்டியதில்லை. எபரைக் கேட்டால், நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று நழுவிவிடுவார். தூங்கும் நேரத்தில் போனை நோண்டக் கூடாது என்று ரோமினா செயலியில் முன்னே தள்ளும் வசதியையே வைக்கவில்லை. கேட்டால் முதலிலிருந்து கேட்க வேண்டும். அவளே சரிபார்க்கும்போது தூங்கிவிட்டாளாம். பதிவு செய்தவனும் கருவி மேல் தலை வைத்துத் தூங்கியிருக்கிறான்.

"கோல் இருக்கு" என்றான் ஒலிவெரா. "முப்பது வருஷம் கத்தின மனுஷன் தொண்ணூறு நிமிஷம் வாயைப் பொத்திக்கிட்டு இருப்பாரா?"

"இருந்தா நமக்கு முழிப்பு வந்திருக்கணுமே" என்றாள் நிடியா.

"நீ தூங்கறப்ப கப்பல் ஊதினாலும் எந்திரிக்க மாட்ட."

"நீ மட்டும்? உன் பட்டை சொல்லுது, நீ உன் நாயை விட மோசம்."

டெப்போ இரண்டாகப் பிரிந்தது. தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு இறைச்சி சுட்டுப் போட வேண்டும் என்று பந்தயம். அத்தனை உற்சாகமாக அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. மோலினோ ரசிகர்கள் என்று ஒரு கூட்டமே உருவாகியிருந்தது, இல்லாத ஓர் ஆட்டத்துக்காக.

ஒரு மதியம் பொறுக்க முடியாமல் கேண்டீனில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டார்கள். காபி, மாத்தே, ஒருவரை ஒருவர் கிள்ளுவது என்று எல்லா ஏற்பாடும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வண்டி ஏன் கிளம்பவில்லை என்று பார்க்க நான் போனேன். அத்தனை பேரும் மேஜையில் கவிழ்ந்து கிடந்தார்கள். எபரின் குரல், கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவதற்காக ஒருவர் பந்தைத் துடைப்பதை அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடலோரப் பஸ் தாமதமாகிவிட்டது.

பகானி எபரையும் ரோமினாவையும் வரவழைத்தார். "அதுல கடைசியில ஒரு கத்தல் இருக்குன்னு டெப்போ முழுக்கப் பேச்சு. டிரைவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா யார் பொறுப்பு? ஞாயித்துக்கிழமைக்குள்ள யாராவது முழுசாக் கேட்டுச் சொல்லணும். கத்தல் இருந்தா பதிவும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது."

ரோமினா எபரைப் பார்த்தாள். எபர் தரையைப் பார்த்தார். வெளியே வந்ததும் நான் கேட்டேன், "கத்துனீங்களா?"

அவர் தொப்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "கடைசி நிமிஷத்துல கண்ணை மூடிட்டேன். உள்ள ஒண்ணு கிளம்பிச்சு. அது வாய் வரைக்கும் எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல." பிறகு மெல்லச் சொன்னார்: "இந்த வேலையும் போச்சுன்னா, இனிமே யாரும் இந்தக் குரலைக் கேக்க மாட்டாங்க."

வழி சொன்னது மறுபடியும் நிடியாதான். "உக்காந்தா தூங்கறோம். நடந்துக்கிட்டே கேப்போம்."

ஞாயிறு மதியம் ரம்ப்லா என்னும் கடற்கரைச் சாலையில் கூடினோம். கடற்காற்று காதைக் கிழித்தது. டிரைவர்கள், ரோமினா, அக்குளில் ஃபிளாஸ்க்கோடு பகானி, எல்லோருக்கும் பின்னால் எபர். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் அழுத்தினோம். எங்களைப் பார்த்தவர்கள் ஏதோ புது மதம் என்று நினைத்திருப்பார்கள்.

நடந்தோம். மோலினோ பின்களம், புவென்தே பின்களம். இடைவேளையில் எபரின் குரல் ஒரு பயிற்சியாளரின் குடையைப் பற்றிப் பேசியது. அங்கேயே ஒலிவெராவுக்குக் கால் பின்னத் தொடங்கியது. நாங்கள் இரண்டு பேர் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். ஒருவன் மதில் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினான். நிடியா அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். இடைவேளை முடிந்தது. யாரும் அதுவரை போகாத இடத்துக்குள் போய்க்கொண்டிருந்தோம். நாய் திரும்பி வருகிறது. மழை மறுபடி தூறுகிறது. பக்கத்தில் பகானியின் உதடுகள் அசைந்தன. நின்றுவிடாமல் நடப்பது இப்போது கஷ்டமாக இல்லை. ஓடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கடைசி நிமிடம். மோலினோவின் இடது பின்கள ஆள், பிறந்ததிலிருந்து ஒரு கோலும் போடாதவர், நேரத்தைக் கடத்துவதற்காகப் பந்தைத் தூர உதைக்கிறார். பந்து நனைந்து கனத்திருக்கிறது. சேற்றில் விழுந்து வேறு பக்கம் திரும்புகிறது. கோல்கீப்பர் நாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பந்து உருள்கிறது, களைத்துப்போகிறது, கோட்டுக்கு அருகில் நின்றுவிடுமோ என்று...

எங்கள் கால்கள் எல்லாம் நின்றுவிட்டன. நான் திரும்பி எபரைப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

காதில் அந்தச் சொல் வந்தது. தொட்டிலில் குழந்தை தூங்கும் அறையில் பேசுகிறவரைப் போல, வெறும் மூச்சால், கிசுகிசுப்பாக. கோல் என்று தொடங்கி முப்பது வருடப் பழக்கத்தின் முழு நீளத்துக்கும் அதை இழுத்தார். ஒரு நூலளவுகூட உயராமல், கடைசி இழையில் மெலிந்து மெலிந்து அது தீர்ந்தது.

ரம்ப்லா வெடித்தது. இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒலிவெரா கத்திக்கொண்டே சாலையோரமாக ஓடினான். நிடியா தன் கம்பளிச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினாள். பகானி யாரோ ஒரு மீன்பிடிக்கிறவரைக் கட்டிப்பிடித்தார், அந்த மனிதர் தூண்டிலை விட்டுவிட்டு, "யாரு போட்டாங்க, யாரு போட்டாங்க?" என்று கேட்டார். எபர் கண்ணைத் திறந்து, தன் கோலுக்கு ஒரு கூட்டம் கத்துவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து முப்பது வருடம் கத்தியவருக்கு இது புதிது என்று நினைக்கிறேன். தொப்பியைக் கழற்றுவதா போடுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ரோமினா போனிலிருந்து தலை நிமிரவில்லை. இத்தனை வாரக் கணக்கில் அந்த நிமிடத்தில் ஒருவர் நாடியும் ஏறியதில்லை. "சார், ஒருத்தர்கூட முழிக்கல" என்று பகானியிடம் காட்டினாள்.

"அவர் கத்தவே இல்லம்மா" என்றார் பகானி, கரகரத்த குரலில். "கத்தினது நாமதான்."

ஒலிவெரா மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "வாத்யாரே, எல்லாம் சரி. ஆனா அது ஆஃப்சைடு."

"உதைச்சவன் பின்களத்துல நிக்கறான்டா. எவன்டா ஆஃப்சைடு?"

"அந்த நாய்."

அந்தச் சண்டை இறைச்சி சுடும் வரை நீண்டது. அதற்கடுத்த வாரம் புதிய சிக்கல்: முடிவு தெரிந்தவர்களுக்குத் தூக்கம் வரவில்லை, கோலுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தார்கள். புவென்தே மைதானத்தில் மறு ஆட்டம் வேண்டும் என்று டெப்போவே கேட்டது. எபர் அதைப் பதிவு செய்துவிட்டார். இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தாராம். யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல மறுக்கிறார்.

நான் எதையும் சட்டென்று புகழ்கிறவன் அல்ல. அந்தப் புதிய ஆட்டத்தில் நடுவர் நாணயத்தைச் சுண்டுகிறார். அது கீழே விழுந்து நான் கேட்டதில்லை.