கொடுக்க ஆளில்லாத மாவு

வேலையிடத்துத் தோழி ஒரு போத்தல் புளித்த மாவு தந்தாள். "சீனியும் பாலும் கோதுமை மாவும் போட்டு வளத்துட்டு வா. பாதியில இனிப்பு ரொட்டி சுடு, மீதிய யாருக்காச்சும் குடுத்திடு லா," என்றாள்.

நான் குடியிருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் எனக்கு அப்படி யாருமில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. மாவு பெருகப் பெருக, பிரிட்ஜ் முழுக்கப் போத்தல்கள் சேர்ந்துவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டு, ஒரு போத்தலோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். பேசிப் பழகாத அக்கா, என் கையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அலமாக், நீங்களுமா? உள்ள வாங்க," என்று தன் பிரிட்ஜைத் திறந்து காட்டினார். அங்கேயும் வரிசையாக அதே மாவு.

சேர்ந்தே ரொட்டி சுட்டோம். சாப்பிட உட்காரும்போதுதான் கவனித்தேன், அவர் வீட்டில் ஒரே நாற்காலி. ஓடிப்போய் என்னுடையதைத் தூக்கி வந்தேன். என் வீட்டிலும் இருந்தது அந்த ஒன்றுதான்.