நோலீன் ஹார்கஸின் ஒழுகும் கழிப்பறை

நோலீன் ஹார்கஸ் தன் வண்டிவீட்டில் குடியேறி ஆறு வருடமாகியிருந்தது. வயது அறுபத்தொன்று. சவுத்லாந்துப் பண்ணைக்காரர்கள் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் சரி, மகள் கல்யாணம் வந்தாலும் சரி, மாற்று ஆளாகப் பால் கறக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் வீட்டோடு போய் இறங்குவாள். பின்னால் கட்டில், நடுவில் அடுப்பு, மூலையில் ஆள் திரும்ப மட்டும் இடமுள்ள கழிப்பறை. வண்டியின் வெளிப்பக்கம் சின்னக் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்து கழிவுப் பெட்டியைப் பெட்டி படுக்கை போல இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வரலாம்.

வண்டி முதலில் இரண்டு பேருடையதாக இருந்தது. முப்பத்தோரு வருடத் தாம்பத்தியம் முடிந்தபோது கணவன் கெல்வின், வின்டன் ஊரில் இருந்த வீட்டை எடுத்துக்கொண்டான், அவள் வண்டியை எடுத்துக்கொண்டாள். பெரிய சண்டை என்று எதுவுமில்லை. வீட்டில் பேச்சு நின்று வெகுநாளாகியிருந்தது, அவ்வளவுதான். அவள் ஏமாந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த வருடம் ஜூன் மாதம், அந்தத் தென்கோடித் தேசத்தில் குளிர்காலம் தொடங்குகிற நேரம், அவளுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் மகள் வீட்டில் கிடந்தாள். வண்டியை ஷோனா என்ற பண்ணைக்காரியின் வைக்கோல் கொட்டகையில் நிறுத்தியிருந்தாள். போவதற்கு முன் தொட்டியில் இருந்த தண்ணீரை வடித்து, குழாய்களையெல்லாம் திறந்துவிட்டுத்தான் போனாள். உறைபனிக்கு அது போதும் என்பது அவள் எண்ணம்.

ஆகஸ்டில், மாடுகள் கன்று போடத் தொடங்கிய வாரம், ஷோனாவின் பண்ணைக்கே கறவைக்குத் திரும்பி வந்து தொட்டியை நிரப்பிப் பம்பைப் போட்டாள். எல்லாக் குழாயும் மூடியிருந்தது. ஆனாலும் நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் 'ட்ரர்' என்று ஓடி நின்றது. கறவைக் கொட்டகையில் நாற்பது கறவைக் குழல்களுக்கு நடுவே ஒன்றில் காற்றுக் கசிந்தாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற காது அவளுக்கு. எங்கோ தண்ணீர் போகிறது என்று உடனே புரிந்துவிட்டது.

கழிப்பறைத் தரை ஈரம். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். நாற்றமில்லை, கழிவுப் பெட்டியில் ஊற்றும் மருந்தின் நீலமும் இல்லை. நல்ல தண்ணீர்தான். ஃப்ளஷுக்கு வருகிற தண்ணீர். 'மோசமான பக்கம் ஒழுகலயே, தப்பிச்சோம்' என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்டியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, புது முட்டி வலிக்க வலிக்க, அந்தப் பொந்துக்குள் தலையை விட்டாள். குழாயைப் பிடித்திருந்த கிளிப்பு துருவேறியிருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று அதை மாற்றி முறுக்கினாள். மறுநாள் விடிகாலைக் கறவைக்கு எழுந்து கால் வைத்தபோது தரை மறுபடி சொதசொதவென்று இருந்தது.

கறவை முடிந்து சிற்றுண்டிக்கு ஷோனாவின் வீட்டுக்குப் போனபோது அவளிடம் இதைச் சொன்னாள்.

"சனிக்கிழமை வண்டிக்குச் சோதனைன்னு சொன்னீங்களே?"

"ஆமா. கக்கூஸ் சரியா இல்லன்னா சான்றிதழ் கிடையாது. அது இல்லாம ஆத்தோரம் எங்கயும் வண்டிய நிறுத்தி ராத்தங்க கவுன்சில்காரன் விடமாட்டான். அடுத்த மாசம் ரெண்டு பண்ணைக்கு நடுவுல பத்து நாள் எனக்கு வேற போக்கிடம் இல்ல."

"யார் வர்றாங்க சோதனைக்கு?"

"கெல்வின்."

ஷோனா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். "உங்க கெல்வினா?"

"என் கெல்வின் இல்ல. வண்டிவீட்டுக்காரங்க கிளப்புக்குச் சோதனை பண்ற கெல்வின். அவன விட்டா டனீடின்ல ஒரு ஆள். மூணு மணி நேரம் ஓட்டணும்."

"அவர் வந்து உங்க கக்கூஸ்ல தலைய விட்டுப் பாப்பாரா?"

"முப்பத்தோரு வருஷம் அவன் கால்சட்டைய நான் துவச்சேன். ஒரு நாள் அவன் பாக்கட்டுமே."

ஷோனா சிரித்த சிரிப்பில் தொழுவத்து நாய் குரைத்தது.

அன்று மாலைக் கறவை முடிந்ததும் நோலீன் குழாயின் ஒவ்வோர் இணைப்பையும் பாகத்தையும் துடைத்து, ஒவ்வொன்றிலும் காய்ந்த செய்தித்தாளைச் சுற்றிவிட்டுப் பம்பைப் போட்டாள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், இணைப்புகளில் சுற்றிய தாளெல்லாம் காய்ந்தே இருந்தது. நடுவில், தண்ணீரைத் திறந்து மூடுகிற தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் வால்வைச் சுற்றிய தாள் மட்டும் ஊறிப்போயிருந்தது. டார்ச்சை அடித்தாள். வால்வின் வயிற்றில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

புது வால்வு இன்வர்கார்கில் நகரத்துக் கடையில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் மாட்ட உட்கார்ந்தாள். பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து அழுத்தத்தைப் போக்கி, இரண்டு வயரையும் கழற்றினாள். எந்த வயர் எங்கே என்று முன்பே செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். பழைய குழாயின் முனை விறைத்துப் போயிருந்தது. குளிர்ந்த ரப்பரை வலுக்கட்டாயமாக ஏற்றினால் கிழியும் என்பது கறவைக்காரிக்குத் தெரியாதா? முனையைக் கட்டைவிரல் அகலம் வெட்டி எறிந்து, மிச்சத்தை வெந்நீரில் முக்கி இளக்கி, பொத்தினாற்போல் ஏற்றினாள். புதுக் கிளிப்பு. வேலை முடிய ஒன்றரை மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் முட்டியோடு நடந்த மல்லுக்கட்டு.

சனிக்கிழமை பத்து மணிக்கு கெல்வின் வந்தான். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு ஏறினான். ஆறு வருடத்தில் கொஞ்சம் கூன் விழுந்திருந்தது.

"முட்டி எப்படி இருக்கு?"

"மடங்குது. நீ ஆரம்பி."

அவன் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். கழிப்பறைக்கு வந்து ஃப்ளஷை அழுத்தினான். தண்ணீர் சுற்றிக்கொண்டு இறங்கியது. பிறகு பம்பைப் போட்டுவிட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தான். பம்ப் தானாக ஓடுகிறதா என்று பத்து நிமிடம் கேட்க வேண்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஒரு மாடு கன்றைக் கூப்பிட்டது. நோலீனுக்குச் சிரிப்பு முட்டியது. ஒன்றும் பேசாமல் எதிரெதிரே உட்கார்வதில் அவர்களுக்கு இருந்த பழக்கம் வேறு யாருக்கு உண்டு!

"ஓடல," என்றான் கெல்வின் கடைசியில். "எத மாத்தின?"

அவள் பழைய வால்வை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"பனி. உள்ள தண்ணி நின்னு உறைஞ்சிருக்கு. வடிச்ச பிறகு ஃப்ளஷ் பொத்தான அழுத்தலயா நீ?"

"எதுக்கு அழுத்தணும்? தொட்டிதான் காலியாச்சே."

"பொத்தான் அழுத்தினாத்தான் வால்வு திறக்கும். இல்லன்னா அதுக்குள்ள ஒரு மடக்கு தண்ணி நிக்கும். பனி விழுறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் நான் அழுத்துவேன்ல?"

"இத்தன வருஷத்துல ஒரு வார்த்த சொன்னதில்லயே."

"நீ கேக்கல."

"கேக்க அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேப்பேன், மடையா!"

அவன் வால்வை மேசைமேல் வைத்தான். "அதுவும் சரிதான்," என்றான்.

பிரிந்து வந்த பிறகு, இந்த வருடத்துக்கு முன் கழித்த குளிர்காலங்களை நோலீன் மனதுக்குள் எண்ணினாள்: ஐந்து. அந்த ஐந்திலும் வண்டியில் அவள் இருந்தாள், அடுப்பும் எரிந்தது. அதனால்தான் வால்வு பிழைத்திருக்கிறது. அந்த வண்டியில் இருக்கிற வேலையெல்லாம் எப்போதும் தான் ஒருத்தியே செய்து வந்ததாக அவள் இவ்வளவு நாள் நம்பியிருந்தாள். கோபமா வெட்கமா என்று தெரியாத ஒன்று வந்து போனது.

"எழுதிக் குடு," என்றாள். "வேற என்னெல்லாம் சொல்லாம விட்டியோ, எல்லாத்தயும்."

அவன் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். ஒன்பது வரி வந்தது. எழுதி முடிப்பதற்குள் அவள் சீஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டியைச் சுட்டு, வெண்ணெய் தடவி அவன் பக்கம் தள்ளினாள். அவன் மூன்று தின்றான். சான்றிதழில் கையெழுத்துப் போட்டான்.

இறங்கும்போது கழிப்பறை வாசலில் கால் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். "தரைப் பலகை ஊறிப்போயிருக்கு, நோலீன்."

"தெரியும். கோடையில வெட்டி மாத்தணும்."

"ரம்பம் என்கிட்ட இருக்கு."

"என்கிட்டயும் இருக்கு," என்றாள். பிறகு, அவன் பூட்ஸை மாட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பலகையப் பிடிச்சுக்க ஆள் வேணும்னா போன் பண்றேன்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மூன்று மணிக்குக் கறவை. அதற்குள் கொஞ்சம் படுக்கலாம் என்று முட்டியை நீட்டிக்கொண்டு சாய்ந்தாள்.